தூங்கும் குழந்தையை எழுப்பிப் பால் கொடுக்கலாமா?

"தூங்குற பிள்ளையை எழுப்பாதே" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். "இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் பால் கொடுங்கள்" என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருப்பார். யார் சொல்வதைக் கேட்பது? முதல் இரண்டு வாரம் நர்ஸ் சொல்வதைக் கேளுங்கள். எழுப்பித்தான் கொடுக்க வேண்டும்.

பசித்தால் தானே அழாதா?

எல்லாக் குழந்தையும் அழாது. பிறந்த குழந்தை நாளில் 16, 17 மணி நேரம் தூங்குவது இயல்புதான். ஆனால் பால் போதாத குழந்தை தெம்பில்லாமல் இன்னும் அதிகமாகத் தூங்கும். தூங்குவதால் இன்னும் குறைவாகக் குடிக்கும். அமைதியாக இருக்கிறது என்று நாம் மகிழ்ந்துகொண்டிருக்கையில் எடை இறங்கிவிடும். 37 வாரத்துக்கு முன் பிறந்தவை, எடை குறைந்தவை, மஞ்சள் காமாலை உள்ளவை ஆகிய குழந்தைகளிடம் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

எத்தனை முறை கொடுப்பது?

24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை. ஒருமுறை கொடுக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து அடுத்த முறை தொடங்கும் நேரம் வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். இரவுக்கும் இதே கணக்கு. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். இரவில் விட்டுவிட்டால் சுரப்பும் குறையும்.

எப்படி எழுப்புவது?

மூடிய இமைக்குள் கண் அசைவது, வாயைச் சப்புவது, கை வாய்க்குப் போவது இவையெல்லாம் லேசான தூக்கத்தின் அடையாளம். அப்போது எழுப்புவது எளிது. சுற்றியிருக்கும் துணியை விலக்குங்கள். ஈரத்துணி இருந்தால் மாற்றுங்கள். சட்டையில்லாமல் உங்கள் மார்போடு சேர்த்து அணைத்துக்கொள்ளுங்கள். முதுகையும் உள்ளங்காலையும் வருடிவிடுங்கள். இரண்டு சொட்டுப் பாலைப் பிழிந்து உதட்டில் தடவுங்கள். கண் கூசும் விளக்கை அணைத்தால் கண் திறக்கும். தண்ணீர் தெளிக்கவோ, காலைச் சுண்டவோ வேண்டாம்.

இரண்டு வாய் குடித்துவிட்டு மறுபடி தூங்கினால்?

சப்புவது நின்றதும் மார்பைக் கையால் மெல்ல அழுத்துங்கள். பால் வாய்க்குள் வந்ததும் விழுங்கத் தொடங்கும். அதற்கும் அசையாவிட்டால் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்து, மறுபக்கம் மாற்றுங்கள். எதற்கும் மசியவில்லையா? பாலைப் பிழிந்து, குழந்தை விழித்திருக்கையில் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். தூக்கத்தில் ஊற்றினால் புரையேறும். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், வசம்பு எதுவும் வேண்டாம்.

பால் போதுகிறதா என்று எப்படித் தெரியும்?

ஈரத்துணியை எண்ணுங்கள். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று கூடி, ஐந்தாம் நாளிலிருந்து தினமும் ஆறு துணியாவது நனைய வேண்டும். கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்த மலம் அதற்குள் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். முதல் சில நாளில் எடை சற்றுக் குறைவது சகஜம். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் டாக்டர் பார்த்தாக வேண்டும்.

மஞ்சள் காமாலைக்கு வெயிலில் காட்டினால் போதாதா?

போதாது. உடம்பில் சேரும் மஞ்சள் நிறப்பொருள் (பிலிரூபின்) பெரும்பாலும் மலத்தோடுதான் வெளியேறுகிறது. பால் குறைந்தால் மலம் குறையும், மஞ்சள் ஏறும், தூக்கமும் கூடும். நன்றாகப் பால் கொடுப்பதே முதல் வேலை. விளக்கு சிகிச்சை தேவையா என்பதை டாக்டர் சோதித்துச் சொல்வார்.

எப்போது ஓட வேண்டும்?

என்ன செய்தும் எழவில்லை, தொடர்ந்து இரண்டு முறை பால் குடிக்கவில்லை, உடம்பு சுடுகிறது அல்லது சில்லிட்டிருக்கிறது, துவண்டு கிடக்கிறது, மூச்சு வாங்குகிறது, வலிப்பு வருகிறது, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகிவிட்டன, ஐந்தாம் நாளுக்குப் பிறகு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

இது எத்தனை நாளைக்கு?

பெரும்பாலான குழந்தைகள் 10 முதல் 14 நாளில் பிறந்த எடையைத் திரும்ப எட்டிவிடும். தராசில் அதைப் பார்த்து, எடை ஏறுகிறது என்று டாக்டரும் சொன்ன பிறகு, இரவில் தானாக எழும்வரை தூங்க விடலாம். பெரியவர்கள் சொல்வதை அப்போது தாராளமாகக் கேளுங்கள்.