கொடுத்தவர் போனபின் யார் பார்ப்பது?
(கட்டற்ற மென்பொருளில் அன்பளிப்புக் கருவிகளைப் பராமரிக்கும் முறை)

சங்கங்களில் நெடுநாள் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். அன்பர் ஒருவர் ஆசையோடு ஓர் ஆர்மோனியம் வாங்கிக் கொடுப்பார். பொன்னாடை போர்த்துவோம், கைதட்டுவோம். மூன்று வருஷத்தில் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிடும். ஆர்மோனியத்தில் இரண்டு கட்டைகள் எழும்பாது. யார் ரிப்பேர் செய்வது? தூக்கிப் போடலாமென்றால் "அவர் கொடுத்ததாச்சே" என்று மனசு வராது. கடைசியில் அது அலமாரிக்கு மேலே ஏறிவிடும்.

கணினி உலகிலும் இதே சங்கடம் உண்டு. மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் மென்பொருளைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். உலகெங்கும் உள்ள அன்பர்கள் தாங்கள் எழுதிய சிறு கருவிகளை அதற்கு அன்பளிப்பாக அளிக்கிறார்கள். அவற்றை ஏற்பதும், வைத்துக் காப்பதும், வேண்டாதபோது கழிப்பதும் தனிக்கலை. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளை வைத்து அதைப் பார்ப்போம்.

திண்ணையும் கூடமும்

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-ல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆராய்ச்சி இது. 1996-ல் இன்றைய பெயரைப் பெற்று, தன்னார்வலர்கள் கைக்கு வந்தது. அதன் நிரல் தொகுப்பில் 'காண்ட்ரிப்' என்று ஓர் அடைவு உண்டு. அதை வீட்டுத் திண்ணை என்று வைத்துக்கொள்ளுங்களேன். வந்தவர் முதலில் திண்ணையில் உட்காரலாம். பழகிப் பார்த்த பிறகே கூடத்துக்குள் அழைப்பு.

அப்படி உள்ளே போன கருவிகளில் ஒன்று 'டிசெர்ச்2'. எழுத்துத் தொகுப்புக்குள் சொல் தேடித் தரும் கருவி. மாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓலெக் பர்துனோவும் தியோதோர் சிகாயெவும் எழுதியது. திண்ணையில் பல வருஷம் இருந்து, பலர் பயன்படுத்தித் தேறிய பின், 2008-ல் 8.3 பதிப்பில் கூடத்துக்குள் ஏறியது. ஆனால் பழைய முறையில் பழகியவர்களை நட்டாற்றில் விடக் கூடாதல்லவா? அவர்களுக்காகப் பழைய பெயரில் ஒரு சிறு கருவியைத் திண்ணையிலேயே விட்டுவைத்தார்கள். 2017-ல் 10-ஆம் பதிப்பு வந்தபோதுதான் அதை எடுத்தார்கள். ஒன்பது வருஷ அவகாசம்!

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 2019-ல் வந்த 12-ஆம் பதிப்பில், இந்தத் தேடல் வசதிக்குத் தமிழ்ச் சொற்களின் விகுதிகளையும் உருபுகளையும் கழித்து அடிச்சொல்லை நெருங்கும் திறன் சேர்ந்தது. சந்தி விகாரமெல்லாம் இயந்திரத்துக்கு லேசில் பிடிபடாது. ஆனாலும் நல்ல தொடக்கம். இந்தத் தமிழ் நிரலைப் போஸ்ட்கிரெஸ் குழுவினர் தாங்களே எழுதவில்லை. 'ஸ்னோபால்' என்னும் வேறொரு கட்டற்ற திட்டத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். தமக்குத் தெரியாத மொழியைத் தாமே பராமரிப்பதாகப் பாசாங்கு செய்யாமல், தெரிந்தவரிடம் விட்டுவிடுவதும் நல்ல நிர்வாகம்தான்.

ஏற்பதற்கு முன் நான்கு கேள்விகள்

முதலாவது, உரிமம். 'யூசர்லாக்' என்று ஒரு கருவி திண்ணையில் இருந்தது. அதன் உரிமம் ஜிபிஎல். மற்ற நிரலுக்கு இருந்ததோ அதைவிடத் தளர்வான உரிமம். இரண்டும் ஒரே பொட்டலத்தில் இருந்தால் பயன்படுத்துபவருக்குத் தலைவலி. 2006-ல் 8.2 பதிப்பில் அந்த வேலைக்கான வசதியைப் புதிதாக எழுதிக் கூடத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

இரண்டாவது, சரிபார்ப்பது யார்? இங்கே நம் ஊர் மொய் மாதிரி ஒரு வழக்கம் உண்டு. நீங்கள் ஒரு நிரல் மாற்றத்தை அனுப்பினால், ஏறக்குறைய அதே அளவுள்ள இன்னொருவர் மாற்றத்தை நீங்கள் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எழுத ஆயிரம் பேர் வருவார்கள். படித்துப் பார்க்க ஆள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு.

மூன்றாவது, சேர்த்ததை எடுக்க வழி உண்டா? முன்பெல்லாம் ஒரு கருவியை நிறுவினால் அதன் துண்டுகள் தரவுத்தளம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். 2011-ல் 9.1 பதிப்பில் 'நீட்சி' என்னும் ஏற்பாடு வந்தது. ஒரே கட்டளையில் சேர்க்கலாம், ஒரே கட்டளையில் நீக்கலாம்.

நான்காவது, பயன் தீர்ந்ததா? கடவுச்சொற்களைச் சேமிக்க 'சிஹெச்கேபாஸ்' என்று ஒரு கருவி இருந்தது. அதன் பூட்டு முறை பழையதாகிப் பாதுகாப்பற்றதானதும் 2018-ல் நீக்கினார்கள். 'அட்மின்பேக்' என்ற இன்னொன்றை 2024-ல் நீக்கினார்கள். அதை நம்பியிருந்த பழைய நிர்வாக மென்பொருளின் காலமே முடிந்துவிட்டது. கொடுத்தவர்மேல் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை; வேலை முடிந்தது, அவ்வளவுதான்.

பார்க்காமல் விட்டால்?

இதையெல்லாம் செய்யாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். 2024 மார்ச்சில் முழுகத்தான் இருந்தது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள 'எக்ஸ்இசட்' என்னும் சுருக்கக் கருவியைப் பல வருஷமாக ஏறக்குறைய ஒரே ஒருவர் ஊதியமின்றிப் பார்த்துவந்தார். அவர் களைத்திருந்த வேளையில் புனைபெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக உழைத்து நம்பிக்கை பெற்று, பராமரிப்புப் பொறுப்பிலும் பங்கு வாங்கினார். பிறகு வெளியாட்கள் கணினிக்குள் நுழையக்கூடிய ஒரு கள்ளவாசலை 5.6.0 பதிப்பில் ஒளித்துவைத்தார்.

அதைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் போஸ்ட்கிரெஸ் நிரலாளர். வேக அளவீடு செய்துகொண்டிருந்தவர், தொலைக்கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். "அரை நொடிதானே" என்று விட்டுவிடாமல் நூல் பிடித்துப் போனார். பெரும்பாலான கணினிகளுக்கு அந்தப் பதிப்பு பரவுமுன்பே குட்டு வெளிப்பட்டது.

ஆக, ஆபத்து இரண்டு பக்கமும் உண்டு. கேள்வி கேட்காமல் வாங்கிவைப்பதும் ஆபத்து. பார்த்துக்கொள்கிறவரைத் தனியாக விட்டுவிட்டு எல்லாரும் சும்மா இருப்பதும் ஆபத்து.

கணினி படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க ஆசைப்பட்டால், உடனே புதிய கருவி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதில்லை. ஏற்கெனவே இருப்பதை ஓட்டிப் பாருங்கள். பிழையைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள். பிறர் நிரலைப் படியுங்கள். கொடுப்பவர் பெயர் பலகையில் ஏறும். துடைத்து எண்ணெய் போடுபவர் பெயர் ஏறாது. ஆனால் ஆர்மோனியம் வாசிப்பது பின்னவர் தயவில்தான்.