தக்காளிப் பயிருக்குக் குப்பை எருவும் ரசாயன உரமும்

ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்துக் குடியானவர்களிடையே எருவிடுதலைப் பற்றி இருவித அபிப்பிராயங்கள் உண்டு. ரசாயன உரம் பூமியைக் கெடுத்துவிடும் என்பர் சிலர். குப்பை சுமக்கும் கூலிக்கு இரண்டு மூட்டை யூரியா வாங்கிவிடலாம் என்பர் வேறு சிலர். தக்காளியைப் பொறுத்தவரை இவ்விரண்டும் பாதி உண்மையே.

நன்கு மக்கிய தொழு உரத்தில் நூற்றுக்குச் சுமார் அரைப் பங்கே தழைச்சத்து உண்டு. ஏக்கருக்கு 10 டன் இட்டால் 50 கிலோ தழைச்சத்து நிலத்தில் சேரும். ஆயினும் அதில் ஒரு பகுதியே முதற் பயிருக்குக் கிட்டும். எஞ்சியது மெல்லச் சிதைந்து பின்வரும் பயிர்களுக்கு உதவும். தக்காளியோ நட்ட சில வாரங்களிலேயே பூத்துக் காய்க்கும் பயிர். அதன் அவசரத்திற்குக் குப்பை மட்டும் ஈடுகொடாது.

யூரியாவை மட்டும் நம்பினாலோ, மணற்பாங்கான செம்மண்ணில் அதன் சத்து பாய்ச்சும் நீரோடு வேருக்குக் கீழே இறங்கிவிடும். அளவு மிஞ்சினால் செடி இலையும் கொப்புமாய்ச் செழிக்குமேயன்றிக் காய் குறையும். மக்கிய எருவோ ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும். மணிச்சத்து மண்ணில் இறுகிப்போவதையும் குறைக்கும்.

இதற்குத் தக்க சான்று நம் மாகாணத்திலேயே உண்டு. கோயம்புத்தூரில் 1909-ம் ஆண்டு நிரந்தர எருப் பரீட்சை நிலம் அமைக்கப்பட்டது. நூறாண்டுகளுக்கு மேற்பட்ட அதன் அனுபவம், எருவும் ரசாயன உரமும் சேர்ந்தே மகசூலையும் மண்வளத்தையும் காக்கும் என்பதாம்.

பி.கே.எம். 1 முதலிய ரகங்களுக்கு ஏக்கருக்கு இடவேண்டிய அளவு வருமாறு. கடைசி உழவில் மக்கிய தொழு உரம் 10 டன் இடுக. நடவுக்கு முன் அடியுரமாக யூரியா 65 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 250 கிலோ, மூரியேட் ஆப் பொட்டாஷ் 33 கிலோ, போராக்ஸ் 4 கிலோ இடுக. துத்தநாக சல்பேட் 20 கிலோவைச் சூப்பருடன் கலவாது, மணலுடன் கலந்து தனியே தூவுக. நட்ட 30-ம் நாள் மீண்டும் 65 கிலோ யூரியாவை மேலுரமாக இட்டு, மண் அணைத்து நீர் பாய்ச்சுக. வீரிய ஒட்டு ரகங்களுக்கு இவ்வளவு பொருந்தாது.

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா நுண்ணுயிர் உரங்களை வகைக்கு 800 கிராம் வீதம் 20 கிலோ தொழு உரத்தில் கலந்து இடலாம். அவற்றை ரசாயன உரத்தோடு ஒருபோதும் கலத்தலாகாது.

மக்காத சாணத்தை வயலில் கொட்டுவது நஷ்டமே. கறையான் சேரும், களைவிதை முளைக்கும், வைக்கோல் மிகுந்த குப்பையாயின், அது மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தையே சிறிது காலம் இழுத்துக்கொள்ளும். ஆகையால் எருக்குழியை நிழலில் அமைத்து, ஈரங் காத்து, மழைநீர் புகாமல் வரப்பிடுதல் வேண்டும்.

காயின் அடிப்புறம் கறுத்து அழுகுவதைக் கண்டவுடன் மேலும் யூரியா இடுவோர் உளர். அது சுண்ணாம்புச் சத்து காய்க்கு எட்டாமையால் வருவது. காயவிட்டுப் பின் வெள்ளமாய்ப் பாய்ச்சுவதும், மிகுதியான தழைச்சத்தும் அதை வளர்க்கும். ஒரே சீராக நீர் பாய்ச்சுதலே முதற் பரிகாரம்.

மேற்கண்டவை பொது அளவுகளே. மண் பரீட்சை முடிவு கையிலிருப்பின் அதன்படியே கூட்டியும் குறைத்தும் இடுக. 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தைக் கிராம அலுவலர்கள் குடியானவர்களுக்கு எடுத்துரைத்தல் நலம். ஐயமுள்ளோர் ஒரு ஏக்கரில் பத்துச் சென்டை மட்டும் இம்முறையில் பயிரிட்டு, பறித்த காயையும் செய்த செலவையும் குறித்து ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக.