தயிர் அல்லாத கர்ட்: பாலாடைக்கட்டிக்குச் சுங்கம் இடும் எண்

சென்னைத் துறைமுகத்திலோ மீனம்பாக்கம் விமானச் சரக்கு வளாகத்திலோ வந்திறங்கும் பாலாடைக்கட்டி, பெட்டியின்மேல் எந்தப் பெயரைத் தாங்கி வந்தாலும், சுங்கத்துறைக்கு அது ஓர் எட்டு இலக்க எண்தான். கிளியரிங் ஏஜென்டுகளின் பேச்சில் 'எச்.எஸ். கோடு' எனப்படும் அந்த எண்ணைப் பொறுத்தே தீர்வையும், தேவைப்படும் அனுமதிகளும், சில வேளைகளில் அபராதமும் அமைகின்றன. பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட உலகச் சுங்க அமைப்பு உருவாக்கி, 1988 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பெயரீட்டு முறையே இதன் அடிப்படை. அதில் முதல் இரண்டு இலக்கங்கள் அத்தியாயத்தையும், நான்கு சேர்ந்தால் தலைப்பையும், ஆறு சேர்ந்தால் துணைத்தலைப்பையும் குறிக்க, எஞ்சிய இலக்கங்களை அந்தந்த நாடு தன் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்கிறது. பாலாடைக்கட்டியின் தலைப்பு 0406. 1975ஆம் ஆண்டு சுங்கத் தீர்வைச் சட்டத்தின் முதல் அட்டவணை அதன் துணைத்தலைப்புகளுக்குப் பின்னால் இரண்டு சுழியங்களை மட்டும் இட்டு நிறுத்திக்கொண்டதிலிருந்து, இந்தச் சரக்கை மேலும் நுணுகிப் பிரிக்கும் தேவை இந்தியாவுக்கு எழவில்லை என்பது புலப்படும்.

தலைப்பின் பெயரே தமிழ் வாசகரைச் சற்றுத் தடுமாற வைக்கும். 'சீஸ் அண்ட் கர்ட்' என்பது அதன் ஆங்கில வாசகம். தாம்பரத்துக் கடையொன்றில் 'கர்ட்' கேட்டால் தயிர்ப் பாக்கெட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள், ஆனால் சுங்க அட்டவணையின் கர்ட் தயிரன்று, பாலைத் திரித்து நீரை வடித்தபின் துணியில் தங்கும் திரளே அது. தயிருக்கும் மோருக்கும் 0403 என்ற தனித் தலைப்பு இருக்க, பன்னீர் மட்டும் பாலாடைக்கட்டியோடு 0406இல் குடியிருக்கிறது. ஒரே தலைப்பில் இருந்தும், 2025 செப்டம்பர் 22 முதல் பொதியிட்ட பன்னீருக்கு ஜி.எஸ்.டி. இல்லை, சீஸுக்கு 5 விழுக்காடு.

இத்தலைப்புக்குள் ஐந்து பிரிவுகள் உள்ளன: முதிரவைக்காத புதிய பாலாடைக்கட்டி (10), துருவியதும் தூளாக்கியதும் (20), உருக்கிப் பதப்படுத்தியது (30), பூஞ்சையால் நீல நரம்பு ஓடியது (40), ஏனையவை (90). பாலுக்கு என்ன செய்யப்பட்டது என்பதே இங்கு அளவுகோலாகும், விற்பனைப் பெயரன்று. மாதக்கணக்கில் முதிரவைத்த செடார் கட்டி 'ஏனையவை'யில் சேரும். அதையே துருவிப் பையிலிட்டால் 20க்கு மாறும். பாஸ்பேட் அல்லது சிட்ரேட் உப்புடன் சூடாக்கிக் குழைத்து, காகிதம் சுற்றிய சதுர ஸ்லைஸ் ஆக்கினால் 30க்குப் போகும். மொட்சரெல்லாவைப் புதிய வகைக்கு எடுத்துக்காட்டாக உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்புகள் சொல்கின்றன. ஆனால் பீட்சாவுக்கென ஈரம் குறைத்துச் சில வாரம் குளிரில் வைத்த கட்டி இன்னும் புதியதுதானா என்பது விவாதத்துக்கு இடம் தருவதே. பால் வடிநீரைச் சுண்டவைத்துப் பால் அல்லது பால்கொழுப்புச் சேர்த்துச் செய்யும் நார்வே நாட்டுப் பழுப்புக் கட்டி போன்றவை, உலர் பொருள் 70 முதல் 85 விழுக்காடும், அவ்வுலர் பொருளில் பால்கொழுப்பு 5 விழுக்காட்டுக்குக் குறையாமலும், அச்சில் வார்க்கத்தக்கதாகவும் இருந்தால் மட்டுமே பாலாடைக்கட்டியாகக் கருதப்படும்.

பணம் பெரிதும் புரள்வது இந்த உட்பிரிவுகளில் அன்று, தலைப்பின் எல்லையில்தான். பால்கொழுப்பை நீக்கிவிட்டுப் பாமாயில் போன்ற தாவர எண்ணெயைச் சேர்த்த போலிக் கட்டி நான்காம் அத்தியாயத்திலிருந்தே விலக்கப்பட்டு, உணவுத் தயாரிப்புகளுக்குரிய 1901 அல்லது 2106க்குத் தள்ளப்படுகிறது. கண்ணுக்கும் நாவுக்கும் பிடிபடாத இந்த வேறுபாட்டை, நெய்யில் கலப்படம் காண உதவும் ரைக்கெர்ட்-மைசல் எண் போன்ற கொழுப்புச் சோதனைகள் காட்டிக்கொடுக்கும். ரூ.1,00,000 மதிப்புள்ள பதப்படுத்திய சீஸுக்கு அடிப்படைத் தீர்வை 30 விழுக்காடு, அதாவது ரூ.30,000; அத்தீர்வையின்மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் தீர்வை ரூ.3,000, இவற்றைச் சேர்த்த ரூ.1,33,000இன்மீது 5 விழுக்காடு ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. ரூ.6,650, ஆக மொத்தம் ரூ.39,650. 2106இன் 'ஏனைய உணவுத் தயாரிப்புகள்' பிரிவுக்கோ, 2018-19 பட்ஜெட் தீர்வையை 30இலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தியது. அங்கு வைக்கப்படும் போலிக்கு அடிப்படைத் தீர்வையும் கூடுதல் தீர்வையும் மட்டுமே ரூ.55,000 ஆகிவிடும். பாமாயில் கட்டி அசலைவிட அதிகமாகத் தீர்வை கட்டும் இந்த விநோதம் சட்டத்தின் நோக்கமாக இருந்திருக்க முடியாது. கனடாவில் கதை நேர்மாறானது: பாலாடைக்கட்டிக்கு அங்கே 240 விழுக்காட்டுக்கும் மேல் தீர்வை இருந்ததால், மொட்சரெல்லாவோடு இறைச்சித் துண்டுகளையும் ஒரே பையிலிட்டுப் 'பீட்சா மேலீட்டுத் தொகுப்பு' என்று கொண்டுவந்தார்கள், 2013இல் அரசு அந்த ஓட்டையை அடைத்தது.

தீர்வைச் சலுகையை நாடி வணிக ஒப்பந்தங்களைப் புரட்டுவதில் பயனில்லை; ஆஸ்திரேலியாவோடும், சுவிட்சர்லாந்து அடங்கிய எஃப்டா நாடுகளோடும் செய்துகொண்ட உடன்படிக்கைகளில் இந்தியா பால்பொருட்களை ஒதுக்கியே வைத்தது.

எண் 0406 என்றானதும் வேறு கதவுகளும் திறக்கப்பட வேண்டியிருக்கின்றன. 1898ஆம் ஆண்டு கால்நடை இறக்குமதிச் சட்டத்தின்கீழ் பால்பொருட்களைக் கண்காணிக்கும் மத்திய அரசின் கால்நடை நோய்த்தடுப்பு நிலையம், தென்மண்டலத்துக்கென இயங்குவது பள்ளிக்கரணையில். அசைபோடும் விலங்குகளின் உள்ளுறுப்பையோ இரத்தத்தூளையோ தீனியாக உண்ணாத மாடுகளின் பாலே பயன்பட்டது என்ற சான்று வேண்டும் என 2003 முதல் இந்தியா கேட்டுவருவது, அமெரிக்காவோடு நீண்ட பிணக்காகவே இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையமும் தன் பங்குக்கு, சுங்கம் தாண்டும் நாளில் மொத்த ஆயுளில் 60 விழுக்காடு அல்லது மூன்று மாதம், இவற்றில் எது குறைவோ அது மீதமிருக்க வேண்டும் என்கிறது. சில வாரமே தாங்கும் நீர் மொட்சரெல்லாவுக்கு ஒவ்வொரு நாள் தாமதமும் இழப்பு.

தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் தொடங்கிய மெப்ஸ் வளாகமும் இந்த வலைக்கு வெளியே இல்லை. ஜி.எஸ்.டி. என்ற பெயரை வரிக்கு வெகுகாலம் முன்பே சூட்டிக்கொண்ட சாலையின் ஓரம் அது நின்றாலும், சிறப்புப் பொருளாதார மண்டலம் என்பதால் அதன் வாசலைத் தாண்டி உள்நாட்டுச் சந்தைக்கு வரும் சரக்கு, வெளிநாட்டிலிருந்து வந்ததைப் போலவே தீர்வை கட்ட வேண்டும்.

எண்ணை முதலில் எழுதும் பொறுப்பு 2011 முதல் இறக்குமதியாளருடையது. 2020இல் சென்னையிலும் பெங்களூருவிலும் தொடங்கிய முகமற்ற மதிப்பீட்டு முறையால், அதைச் சரிபார்க்கும் அதிகாரி ராஜாஜி சாலைச் சுங்க இல்லத்தில் இல்லாமல் வேறு ஊரில் இருக்கலாம். ஐயமிருந்தால், சரக்கு புறப்படும் முன்பே முன்தீர்ப்பு ஆணையத்திடம் கேட்டுப் பெறலாம். இல்லையேல் மாதிரி ஆய்வகத்துக்குப் போக, பிணைப்பத்திரத்தின்பேரில் சரக்கைத் தற்காலிக மதிப்பீட்டில் விடுவித்துக்கொள்ளலாம். குறைவாகக் கட்டிய தீர்வையைச் சுங்கம் பொதுவாக இரண்டு ஆண்டுக்குள்ளும், மோசடி இருந்தால் ஐந்து ஆண்டுக்குள்ளும் கோரலாம் என்பதால், பெட்டியிலிருந்த கட்டி குரோம்பேட்டையிலோ சேலையூரிலோ உண்டு தீர்ந்து நெடுநாள் ஆன பிறகும், அதன் எண் மீதான வாதம் ஹாடோஸ் சாலைத் தீர்ப்பாயத்தில் நடந்துகொண்டிருக்கக்கூடும்.