அவரைக்காய் எப்படி வேகிறது?

விழுப்புரம் உழவர் சந்தையில் அவரைக்காய்க் குவியலுக்கு முன்னால் நிற்பவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். "பிஞ்சுக்கா, நாரே வராது" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னாலும் யாரும் சட்டென்று பையை நீட்டுவதில்லை. ஒரு காயை எடுத்து, காம்பைக் கிள்ளி, விளிம்போடு கீழே இழுத்துப் பார்த்த பிறகுதான் தராசுப் பக்கம் திரும்புகிறார்கள். கெட்டியான நார் முழு நீளத்துக்கும் உரிந்து வந்தால் காய் முற்றிக்கொண்டிருக்கிறது. மெலிதாக வந்து பாதியில் அறுந்தால் வாங்கலாம். சமையலில் பாதி அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. காயின் மென்மையைத் தீர்மானிப்பவை இரண்டு பொருள்கள். ஒன்று அடுப்புக்கு அடங்கும், இன்னொன்று அடங்காது.

விழுப்புரத்துக்கு அருகிலுள்ள திண்டிவனம் கடலைக்குப் பேர்போன பக்கம். அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்கள் டி.எம்.வி. என்று ஊர்ப் பெயரையே சுமந்து வருகின்றன. குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்த டி.எம்.வி. 2 வெளிவந்தது 1940-இல். ஆகவே அந்த இரண்டு பொருள்களையும் கடலை மிட்டாயை வைத்தே விளக்கலாம். அவரைக்காயின் தோலைக் கடலை மிட்டாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பருப்பும் ஒரு செல். பருப்பையும் பருப்பையும் பிடித்து வைத்திருக்கும் வெல்லப் பாகுதான் பெக்டின். ஆறிய மிட்டாய் கடித்தால் உடைகிறது; சூடு காட்டினால் பாகு இளகிப் பருப்புகள் தனித்தனியாகக் கழன்றுகொள்கின்றன. காய் வேகிறது என்கிறோமே, பெரும்பாலும் நடப்பது இதுதான். ஏறத்தாழ 85 டிகிரிக்கு மேலே போனால் பெக்டின் வேகமாகக் கரையத் தொடங்குகிறது. செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று நகர்கின்றன. பல் சுலபமாக இறங்குகிறது.

மிட்டாய் ஊற்றும்போது பாகுக்குள் ஒரு சணல் நூல் விழுந்து உறைந்துவிட்டது என்றால்? எவ்வளவு சூடாக்கினாலும் நூல் நூலாகத்தான் இருக்கும். அதுதான் நார். லிக்னின் என்ற மரத்தன்மைப் பொருள் ஏறிக் கெட்டிப்பட்ட இழைகள் அவை. கொதிநீர் அவற்றை ஒன்றும் செய்யாது, குக்கரும் செய்யாது. செடியின் கணக்கில் அந்த நார் வீணும் இல்லை. முற்றிக் காய்ந்த காய் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைச் சிதற வைக்க அந்த விறைப்பு தேவை. நாம் செய்ய வேண்டியது, செடி அதற்குத் தயாராகும் முன் காயைப் பறித்துவிடுவது.

பட்டாணியிலும் இதே கதைதான். சாதாரணப் பட்டாணித் தோலை யாரும் தின்பதில்லை. உட்புறம் மெழுகுத்தாளைப் போல ஒரு விறைத்த படலம் இருக்கும். சென்னை சூப்பர் மார்க்கெட்டுகளில் ஸ்நோ பீஸ் என்று விற்கும் தட்டைப் பட்டாணிக்கு அந்தப் படலம் உருவாவதே இல்லை, அதனால் தோலோடு சாப்பிடலாம். மெண்டல் 1866-இல் அச்சிட்ட ஆய்வில் எடுத்துக்கொண்ட ஏழு குணங்களில் ஒன்று, காய் உப்பியிருக்கிறதா, விதைகளுக்கு இடையே ஒடுங்கியிருக்கிறதா என்பது. அந்த ஒடுக்கத்துக்குக் காரணமே இந்தப் படலம் இல்லாததுதான். அவரைக்கு இப்படி ஒரு நிரந்தரச் சலுகை கிடையாது. நாள் பார்த்துப் பறிப்பது ஒன்றே வழி.

வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே விதையின் நிழல் சிறு புள்ளியாகத் தெரிந்தால் நல்லது. மேடு தட்டி வெளியே புடைத்தால் அது இனிப் பொரியலுக்கு ஆகாது. விளிம்பில் விரல் வைத்தால் லேசாகப் பிசுபிசுக்க வேண்டும், அவரைக்கே உரிய அந்தக் காட்டமான வாசனை கையில் ஒட்ட வேண்டும், அது புதுக்காய். வளைத்தால் ஒடியாமல் துவண்டுபோவது நேற்றைய காய் அல்லது அதற்கும் முந்தையது. ஊசி குத்தியது போன்ற ஓட்டை இருந்தால் புழு உள்ளே குடியிருக்கிறது. அகலமான பெல்ட் அவரை பார்வைக்கு எடுப்பு. சுவைக்கு நான் குட்டையான நாட்டு அவரையின் பக்கம்.

கொடி அவரை, பகல் குறுகினால்தான் பூக்கும் செடி. ஆடியில் ஊன்றினால் பனிக்காலத்தில் காய்த்துத் தள்ளும், பொங்கல் சமயத்தில் விலை சரியும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ வரிசைக் குத்து அவரைகள் பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை. கோடையில் கிடைப்பது பெரும்பாலும் அவைதான். இந்தப் பக்கத்துக்கு அவரை புதிதும் அல்ல. சங்க நூலான சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனின் ‘கிடங்கில்’ என்னும் ஊர் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. அவனைத் தேடிப் பாணர்கள் போகும் வழியில் அவரை அரும்பிக் கிடக்கிறது. புலவர் நத்தத்தனாருக்கு அது பவழமாகத் தெரிகிறது. செவ்வவரையாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இனி அடுப்பு. அவரைக்காயைப் பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்லச் சூடாக்காதீர்கள். 50 முதல் 65 டிகிரி வரை உள்ள சூட்டில் காயிலேயே இருக்கும் ஒரு நொதி விழித்துக்கொண்டு பெக்டினை மாற்றிவிடுகிறது. மாறிய பெக்டினைச் சுண்ணாம்புச் சத்து இறுக்கிக் கட்டுகிறது. மிட்டாய்ப் பாகு முறுகிப்போன மாதிரி. அப்புறம் எவ்வளவு கொதித்தாலும் காய் ஒருவித விறைப்போடே நிற்கும். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம், இந்தத் தொல்லையும் அதிகம். தாளித்த சூட்டிலேயே காயைப் போட்டு வதக்கி, கொதிக்கும் நீரைக் கையளவு தெளித்தால் அந்த ஆபத்தான வெப்பநிலையைக் காய் ஒரே பாய்ச்சலில் தாண்டிவிடும். உப்பையும் அப்போதே போடுங்கள். உப்பின் சோடியம் சுண்ணாம்பை இடம்பெயர்த்துப் பாகை இளக விடுகிறது. கையெட்டும் தூரத்தில் மரக்காணத்து உப்பளங்கள் இருக்க, இதற்குக் கல்லுப்பே போதும்.

புளிக்கு நேர் எதிர் வேலை. அமிலத்தில் பெக்டின் கரைய மறுக்கிறது. காய் வெந்த பிறகுதான் புளி ஊற்ற வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னது அதனால்தான். முதலிலேயே ஊற்றிய குழம்பில் அவரைக்காய் அரைமணி நேரம் கழித்தும் கடிபடும். சோடா உப்பு இதன் மறுகோடி: ஒரு சிட்டிகை போட்டால் பாகு முழுக்கக் கரைந்து காய் கூழாகும். நிறம் மட்டும் பளிச்சென்று இருக்கும். சில ஓட்டல்களில் அந்தப் பச்சையைப் பார்த்து ஏமாறுகிறோம்.

நிறத்தின் கணக்கு தனி. பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசிய அணு உட்கார்ந்திருக்கிறது. வேகும்போது காயிலிருந்து கசியும் அமிலம் அதைத் தள்ளிவிட்டால் பச்சை மங்கிப் பழுப்பேறும். மூடிவைத்தால் ஆவியாகிற அமிலம் மூடியில் பட்டுத் திரும்பக் காய் மேலேயே சொட்டும். முதல் இரண்டு மூன்று நிமிடம் மூடி, பிறகு திறந்து வைத்துக் கிளறினால் எட்டுப் பத்து நிமிடத்தில் பொரியல் தயார். மஞ்சள்தூள் அள்ளிப் போடுகிறவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஸ்நோ பீஸ் கைக்குக் கிடைத்தால் இவ்வளவு நேரம் கூடாது. தோல் மெலிது, நார் ஓரத்தில் மட்டும். காம்போடு நாரைக் கிள்ளி எடுத்துவிட்டு, காய்ந்த எண்ணெயில் பூண்டு, மிளகுத்தூளோடு இரண்டு நிமிடம் புரட்டினால் போதும். தேங்காய்த் துருவல் போடலாம், கெட்டுப்போகாது.

பொறுக்கிய அவரையில் முற்றிய காய் நாலைந்து நிச்சயம் இருக்கும். அவற்றைப் பொரியலோடு சேர்த்து மொத்தத்தையும் கெடுக்க வேண்டாம். தோலை உரித்து விதையை எடுங்கள், அதுதான் மொச்சை. உப்புப் போட்டு நன்றாக வேகவிட்டு, புளிக் கரைசல் ஊற்றி, கத்திரிக்காயும் கழுவிய நெத்திலிக் கருவாடும் சேர்த்துக் குழம்பு கொதிக்க விடுங்கள்.