பூநாரைக்கு என்ன நிறம்?

மாலைச் சூரியன், நீர்நிலை, நடுவே பறவைகள். சிறுவர்களின் வண்ணம் தீட்டும் போட்டிகளில் அடிக்கடி கொடுக்கப்படும் படம் இது. நவி மும்பையில் நடந்த அத்தகைய போட்டி ஒன்றில், ஐரோலியில் வசிக்கும் தமிழ்ச் சிறுமி பூநாரைகளுக்குக் கறுப்பு தீட்டினாள். "பூநாரை ரோஜா நிறமல்லவா?" என்று நடுவர் படத்தை ஒதுக்கிவிட்டார்.

"எங்க கரையிலேருந்து சாயங்காலம் பார்த்தா கறுப்பாத்தான் தெரியும், மாமா" என்றாள் சிறுமி நம்மிடம், கண்ணைத் துடைத்தபடி.

அவள் சொன்னது நிஜம். ஐரோலி, தாணே கடற்கழியின் கிழக்குக் கரை. அங்கே சூரியன் பறவைகளுக்குப் பின்னால் இறங்குகிறது. வானம் ஆரஞ்சாய் எரிய, பறவைகள் கறுத்த நிழல்களாகத் தெரியும். தெற்கே, மும்பைக் கரையிலுள்ள சிவ்ரியில் கதை வேறு. அங்கே சூரியன் நம் முதுகுப் பக்கம் மறைகிறது. வெளிச்சம் நேரே இறகில் விழுவதால் ரோஜா நிறம் பளிச்சிடும். நடுவர் சொன்னதும் பொய்யல்ல.

அந்த ரோஜா நிறமும் பிறவியில் வந்ததல்ல. பாசியிலும் சிறு கூனியிறால்களிலும் உள்ள நிறமிதான் இறகில் ஏறுகிறது. இளம் பறவைகள் சாம்பல் நிறம். ஆகவே சாம்பல் பென்சிலுக்கும் அங்கே வேலை உண்டு.

2015-ல் இக்கடற்கழியின் ஒரு பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மழைக்காலத்துக்கு முன், கோடையிலேயே பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஹார்பர் பாதையில் சிவ்ரி ஸ்டேஷனில் இறங்கலாம்.

நடுவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: பறவையின் நிறத்தைத் திருத்துமுன், "சூரியன் எந்தப் பக்கம், கண்ணு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.