சுவிட்சுக்குப் பின்னால்: கொல்கத்தா வீடுகளில் தானியங்கி ஏற்பாடு

இந்தியாவில் மின்னொளியை முதலில் கண்ட நகரங்களுள் கொல்கத்தா முன்வரிசையில் நிற்பது. 1879 ஜூலை 24 அன்று இங்கு மின்விளக்குச் செயல்விளக்கம் நடந்தது. 1899 ஏப்ரல் 17 அன்று எமாம்பாக் சந்தில் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், இன்று சி.இ.எஸ்.சி. என்று அறியப்படும் மின்வழங்கு நிறுவனம் தெருத்தெருவாகக் கம்பி இழுத்தது. இந்த மூப்பின் சுமையை வடகொல்கத்தாவின் பழைய வீடுகள் இன்றும் சுமக்கின்றன. மரச்சட்டத்துக்குள் ஓடும் ரப்பர் உறைக் கம்பி ஓர் அறையிலும், அதன்மீது பிற்காலத்தில் ஒட்டுப்போட்ட பிவிசி கம்பி அடுத்த அறையிலுமாக, ஒரே வீட்டில் இரண்டு மூன்று தலைமுறை மின்வேலை அடுக்கடுக்காகக் கிடப்பது அங்கு இயல்பு. ஸ்மார்ட் ஹோம் எனப்படும் தானியங்கி வீட்டை விளம்பரங்கள் பேசும் ஒலிபெருக்கியிலிருந்து தொடங்கிக் காட்டினாலும், இத்தகைய வீட்டில் வேலை சுவிட்சுக்குப் பின்னால் இருக்கும் பெட்டியைத் திறந்து பார்ப்பதிலிருந்தே தொடங்கியாக வேண்டும்.

தானியங்கி ஏற்பாடு எதுவாயினும் அதில் மூன்று உறுப்புகள் உண்டு. வெப்பம், நீர்மட்டம், ஆள்நடமாட்டம் போன்றவற்றை அறியும் உணரி ஒன்று. அந்தச் செய்தியைப் பெற்று என்ன செய்வதென்று முடிவெடுக்கும் மையக் கருவி இரண்டாவது. மின்சுற்றைத் திறக்கவும் மூடவும் வல்ல ரிலே மூன்றாவது. ரிலே என்பது கைவிரலுக்குப் பதிலாக ஒரு சிறு மின்குறிப்பால் இயங்கும் சுவிட்ச். இது எந்நேரமும் விழித்திருக்க வேண்டியதாகையால், மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் கம்பியுடன், அது திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியும் இதற்குத் தேவைப்படுகிறது. சாதாரண சுவிட்சோ ஃபேஸை மட்டுமே துண்டிப்பது. இந்திய வீடுகளில் சுவிட்சுகளோடு அதே பலகையில் ஐந்து ஆம்பியர் சாக்கெட் ஒன்றும் அமைந்திருப்பதால் பெரும்பாலும் நியூட்ரல் அங்கேயே கிடைத்துவிடுகிறது. மாடிப்படியின் மேலும் கீழும் உள்ள இருவழிச் சுவிட்சுகளிலும் கட்டில் தலைமாட்டுச் சுவிட்சுகளிலும்தான் சிக்கல். நியூட்ரல் இல்லாமலே இயங்கும் ரிலேக்கள் விற்கப்படுவது உண்மையே. ஆனால் அவை விளக்கின் வழியாகவே தமக்கான சிறு மின்னோட்டத்தை எடுத்துக்கொள்வதால், அணைத்த எல்.இ.டி. விளக்கு இரவெல்லாம் மங்கலாக மினுக்கிக்கொண்டிருக்கக்கூடும். விளக்கின் இரு முனைகளுக்கிடையே அதற்கென விற்கும் சிறு மின்தேக்கியைப் பொருத்தினால் பெரும்பாலும் இது தீரும்.

அதற்கும் முன்பாகச் செய்ய வேண்டியது பாதுகாப்பு வேலை. 2025 செப்டம்பர் 22, 23 தேதிகளில் கொட்டிய மழையில் கொல்கத்தாவின் தெருக்கள் குளமானபோது இறந்தவர்களில் பெரும்பாலோர் தேங்கிய நீரில் மின்சாரம் தாக்கியே இறந்தனர். போகும் மின்னோட்டத்திற்கும் திரும்பும் மின்னோட்டத்திற்கும் இடையே 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு தோன்றினாலே, அதாவது மின்சாரம் வேறெங்கோ கசிகிறது என்று தெரிந்தாலே, இமைப்பொழுதில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியை வீட்டின் முகப்புப் பெட்டியில் பொருத்தாமலும், நிலத்தொடர்பைச் சோதிக்காமலும், கைபேசியில் விளக்கெரிக்கும் வசதிக்குப் பணம் செலவிடுவது அறிவுடைமை ஆகாது.

விளக்குகளைத் தானியங்கியாக்க இரு வழிகள் உள்ளன. விளக்கையே மாற்றி ஸ்மார்ட் பல்பு போடுவது ஒன்று. விளக்கை அப்படியே விட்டுச் சுவிட்சுக்குப் பின்னால் ரிலேயை ஒளித்துவைப்பது மற்றொன்று. முதல்வழி எளிது, சுவரைத் தொட வேண்டியதில்லை. ஆயினும் வீட்டிலுள்ள பெரியவர் வழக்கம்போலச் சுவிட்சை அணைத்த கணமே அந்தப் பல்பு செத்த பொருளாகிவிடுகிறது. கைபேசியோ குரலோ அதை எழுப்ப முடியாது. இரண்டாம் வழியில் சுவிட்ச் எப்போதும்போல வேலைசெய்யும், தானியங்கியும் அதனுடன் சேர்ந்து வேலைசெய்யும். வாடகை வீட்டுக்கு முதல்வழியும், சொந்தவீட்டுக் குடும்பத்துக்கு இரண்டாம் வழியும் பொருந்தும்.

மின்விசிறியின் கதை வேறு. பங்கா எனும் தொங்குவிசிறியை இழுக்க ஆள் வைத்திருந்த இந்த நகரமே பின்னர் மின்விசிறித் தொழிலின் தாயகங்களுள் ஒன்றானது. இளவரசர் அன்வர் ஷா சாலையில் உஷா விசிறிகளைச் செய்த ஜே எஞ்சினீயரிங் ஆலை நின்ற நிலத்தில்தான் இன்று சவுத் சிட்டி அடுக்ககங்களும் வணிக வளாகமும் எழுந்துள்ளன. பழைய வகை விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுப்பது. அதன் வேகத்தை மாற்ற மின்தேக்கிப் படிகள் கொண்ட விசிறிக்கான ரிலேயே ஏற்றது, விளக்கின் ஒளியைக் குறைக்கும் கருவியைப் பொருத்தினால் விசிறி முனகத் தொடங்கும். பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை விசிறி 30 வாட் அளவிலேயே சுழல்வது, வேகக் கட்டுப்பாட்டை உள்ளேயே கொண்டது. அதன் பாதையில் பழைய ரெகுலேட்டரை விட்டுவைத்தால் பழுதாகும். ஆண்டில் எட்டு மாதம் விசிறி ஓடும் ஊரில், எந்தத் தானியங்கியையும்விட இந்த மாற்றமே கட்டணத்தை அதிகம் குறைக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குடும்பத்தின் உழைப்பை உண்மையாகவே மிச்சப்படுத்தும் இடம் தண்ணீர். ஹூக்ளி நீர் பல்தாவில் சுத்திகரிக்கப்பட்டு, 1911இல் முடிந்த, தொண்ணூறு லட்சம் கேலன் கொள்ளும் தாலா மேல்நிலைத் தொட்டி வழியாக வடகொல்கத்தாவின் வீடுகளுக்கு வருகிறது. அது குறித்த வேளைகளில் மட்டும் வருவதாலும், மாடிவரை ஏறும் அழுத்தம் அதற்கு இல்லாததாலும், பல வீடுகளில் முதலில் நிலத்தடித் தொட்டியில் சேர்த்துப் பின்னர் மோட்டாரால் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். விடியற்காலையில் எழுந்து மோட்டாரைப் போடுவதும், மேலே நிரம்பி வழியும் ஓசைக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பதும் யாரேனும் ஒருவர் தலையில், பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் தலையில், விழும் வேலை. இதைத் தானியங்கியாக்க இணையம் எதுவும் தேவையில்லை. நீர்மட்டத்தோடு மிதந்து ஏறி இறங்கும் ஃப்ளோட் சுவிட்ச் மேல்தொட்டியில் ஒன்றும் கீழ்த்தொட்டியில் ஒன்றும் போதும்: மேலே குறைந்து கீழே நீர் இருந்தால் மட்டும் மோட்டார் ஓட வேண்டும், மேலே நிரம்பினாலோ கீழே வற்றினாலோ நிற்க வேண்டும். வற்றிய தொட்டியில் ஓடும் மோட்டார் சூடேறிக் கருகுமாகையால் இரண்டாவது ஃப்ளோட்டை மிச்சம் பிடிக்கக் கூடாது. வழக்கமாக நிரம்ப எடுக்கும் நேரத்தைவிட மிகுதியாக ஓடினால் தானே நிறுத்திவிடும் காலவரம்பு ஒன்றையும் சேர்த்தால், ஃப்ளோட் சிக்கிக்கொண்ட நாளிலும் மாடி வெள்ளக்காடாகாது.

இங்கே அடிக்கடி நேரும் பிழை ஒன்றுண்டு. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது எடுப்பது ஐந்தாறு ஆம்பியர்தானே என்று பத்து ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் அதை மாட்டிவிடுகிறார்கள். கிளம்பும் நொடியில் மோட்டார் அதைப்போல் பல மடங்கு இழுப்பதால், நாளடைவில் ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்கின்றன. அதன்பின் கைபேசி ‘அணைந்தது’ என்று காட்டும், மோட்டாரோ ஓடிக்கொண்டேயிருக்கும். சிறிய ரிலே ஒரு கன்டாக்டரை, அதாவது கனத்த மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய மின்காந்த சுவிட்சை, இயக்க வேண்டும். மோட்டாரை அந்தக் கன்டாக்டர் இயக்க வேண்டும். கீசருக்கும் ஏசிக்கும்கூட 16 ஆம்பியர் தாங்கும் கருவியே உரியது.

கருவிகள் ஒன்றோடொன்று பேசுவது ரேடியோ அலையால். சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல்தூளும் சேர்த்து எழுப்பிய பதினைந்து, இருபது அங்குலச் சுவர்களைக் கடக்கையில் வைஃபை பெரிதும் நலிகிறது. அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைவிட விரைவில் சோர்ந்துவிடும். நியூ டவுனின் புதிய அடுக்ககங்களில் கம்பி நிறைந்த கான்கிரீட்டும் இதே தடையை உண்டாக்குகிறது. ஜிக்பீ என்ற முறையில், நிலையான மின்னிணைப்புள்ள ஒவ்வொரு கருவியும் அடுத்த கருவிக்குச் செய்தியைக் கடத்திவிடுவதால், அறைக்கு ஒன்றாக அவை இருந்தால் தடித்த வீட்டிலும் செய்தி சென்று சேரும். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே வீட்டில் ஒத்துழைப்பதற்காக 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் என்ற பொதுத்தரம், வாங்கும்போது பெட்டியின்மேல் தேடத்தக்க அடையாளம்.

மையக் கருவி எங்கே முடிவெடுக்கிறது என்பது இதைவிடப் பெரிய கேள்வி. மலிவான பல கருவிகளில் பக்கத்து அறை விளக்கை அணைக்கும் கட்டளைகூடத் தொலைதேசக் கணினிக்குச் சென்று திரும்புகிறது. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனம் தன் சேவைக் கணினிகளை முன்னறிவிப்பின்றி நிறுத்தியபோது, வாடிக்கையாளர்களின் கருவிகள் செயலிக்குக் கட்டுப்படாமல் போயின. கொல்கத்தாவுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை: 2020 மே 20 அன்று அம்பன் புயல் வீசியபின் நகரின் பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமும் இணையமும் இன்றித் தவித்தன. ஆகவே வீட்டுக்குள்ளேயே முடிவெடுக்கும் மையமே குடும்பத்துக்கு ஏற்றது. 2013இல் தொடங்கிய, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் இதற்குப் பெயர்பெற்றது, ஆனால் அதை நிறுவிப் பேணச் சிறிது கணினிப் பழக்கம் வேண்டும். மையத்தையும் ரூட்டரையும் இன்வெர்ட்டர் இணைப்பில் சேர்த்துவிட வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பும்போது கருவி எந்நிலையில் விழிக்க வேண்டும் என்ற அமைப்பை ‘முன்பிருந்த நிலை’ என்று மாற்றிவைக்காத வீட்டில், நள்ளிரவு இரண்டு மணிக்கு எல்லா விளக்குகளும் ஒருசேர எரிந்து குடும்பத்தையே எழுப்பும்.

பிள்ளைகள் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, முதியோர் மட்டும் எஞ்சிய வீடுகள் கொல்கத்தாவில் ஏராளம். லேக் மார்க்கெட் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. தனித்து வாழும் முதியோருக்காக நகரக் காவல்துறை 2009இல் ‘ப்ரணாம்’ திட்டத்தைத் தொடங்கியதே இந்நிலையின் சான்று. இவ்வீடுகளில் கேமராவைவிட நாகரிகமான கருவி ரேடார் உணரி: 24 அல்லது 60 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, அது திரும்பி வருவதைக் கொண்டு அறையில் ஆள் அசைகிறாரா, சில வகைகளில் கீழே விழுந்துவிட்டாரா என்பதை, படம் எதுவும் எடுக்காமலே அறிகிறது. இந்த மில்லிமீட்டர் அலைகளை 1890களின் நடுவில் இதே நகரத்தின் பிரெசிடென்சி கல்லூரியில் உண்டாக்கி ஆராய்ந்தவர் ஜகதீச சந்திர போஸ். அவருடைய மிகக் குறுகிய அலையின் நீளமான ஐந்து மில்லிமீட்டர், இன்றைய கணக்கில் 60 கிகாஹெர்ட்ஸ். தொலைவிலிருந்த மணியை அலையால் ஒலிக்கவைத்து அவர் கல்கத்தா டவுன் ஹாலில் செய்துகாட்டியதை, தானியங்கி வீட்டின் முதல் ஒத்திகை என்று சொன்னாலும் பெரிய மிகையில்லை. இரவில் கட்டிலை விட்டு எழுந்தால் கழிவறைவரை மங்கிய விளக்கெரிவது, காலை ஒன்பது மணிவரை சமையலறையில் அசைவே இல்லையென்றால் மகளுக்குச் செய்தி போவது ஆகிய இரண்டு விதிகளே இவ்வீடுகளுக்குப் பெரும் உதவி.

கேமரா தவிர்க்க முடியாததாயின் அது வாசலோடு நிற்பது நல்லது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தெரியாமல் சமையலறையில் கேமரா வைப்பது பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கும் அவமதிப்பு. ஆலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரூட்டர்களையும் பெருமளவில் கைப்பற்றித்தான் 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகின் பெரிய இணையதளங்களை முடக்கியது. ஆகவே கடவுச்சொல் மாற்றாமல் எதையும் இணையத்தில் இணைக்கக் கூடாது. கருவிகளின் உரிமைக் கணக்கு பெங்களூரிலிருக்கும் மகனின் கைபேசியில் மட்டும் இருந்தால், அவர் கைபேசி தொலைந்த நாளில் கொல்கத்தா வீட்டுக்கே உரிமை இல்லாமல் போகும். வீட்டில் வசிப்பவர் ஒருவர் பெயரிலும் முழு உரிமை இருக்க வேண்டும்.

பழுது வந்தால் முதலில் வருபவர் தெருமுனையிலுள்ள மின்மிஸ்திரி. சுவிட்சுப் பெட்டிக்குள் அறிமுகமில்லாத ரிலேயைக் கண்டதும் அதைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்புக் கொடுத்துவிடுவதே அவர் வழக்கமாகையால், எந்தப் பெட்டியில் எந்தக் கருவி, எந்தக் கம்பி எங்கே போகிறது, கருவியைத் தவிர்த்து மோட்டாரைக் கையால் இயக்குவது எப்படி என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்றை முகப்புப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவைக்க வேண்டும், அதுவும் அவர் படிக்கக்கூடிய வங்காள மொழியில்.