ஒரு கிட்னி போனால் என்ன?

"கடவுள் ரெண்டு கொடுத்திருக்காரும்மா. ஒண்ணு போனா என்ன, இன்னொண்ணு இருக்கே!" கடனில் தவிக்கும் குடும்பங்களிடம் கிட்னி புரோக்கர்கள் விடும் வசனம் இது. பாதி உண்மை. அதனால்தான் ஆபத்து!

ஆரோக்கியமான ஒருவர் ஒரே சிறுநீரகத்தோடு நன்றாக வாழலாம். ஆனால் வருஷா வருஷம் ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் எல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும். விற்றவரை இதற்கெல்லாம் யார் கூப்பிடப் போகிறார்கள்?

1954-ல் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் முர்ரே, ஒரே மாதிரி இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். அந்நிய உறுப்பென்றால் உடம்பு எதிர்க்கும். 1980-களில் 'சைக்ளோஸ்போரின்' மருந்து வந்து அந்த எதிர்ப்பை அடக்கியது. முன்பின் தெரியாதவரின் கிட்னியையும் பொருத்த வழி பிறந்தது. எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. கூடவே வியாபாரமும் முளைத்தது! சென்னை வில்லிவாக்கத்துக்கு 'கிட்னிவாக்கம்' என்றே பட்டப்பெயர் விழுந்தது.

1994-ல் உறுப்பு விற்பனைக்குச் சட்டம் தடை போட்டது. ஆனாலும் 2007-ல், அப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் பெண்கள் பலர் கிட்னி விற்ற செய்தி வெளியாகி நாட்டையே உலுக்கியது. சுனாமியில் வீடிழந்து, பிழைப்பும் நசிந்த மீனவக் குடும்பங்கள் அவை.

விற்றவர்களுக்குக் கடனாவது தீர்ந்ததா? சென்னையில் கிட்னி விற்ற 305 பேரிடம் 2001-ல் விசாரித்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. 100-க்கு 96 பேர் விற்றது கடனை அடைக்க. ஆனால் 74 பேர் இன்னமும் கடனாளிகள்! 86 பேர் உடல்நிலை மோசமானதாகச் சொன்னார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

'இஷ்டப்பட்டுத்தானே விற்றாள்?' என்று கேட்பவர்கள் உண்டு. கழுத்தை நெரிக்கும் கடனுக்காகப் போடும் கையெழுத்து, சம்மதம் ஆகுமா?

நம் வீட்டில் ஒருவருக்கே கிட்னி தேவைப்பட்டால்?

• பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர், கணவன்-மனைவி, தாத்தா-பாட்டி, பேரப்பிள்ளைகள் தரலாம். மற்றவர் பாசத்தால் தருவதென்றால் அனுமதிக் குழு சம்மதிக்க வேண்டும். பணம் கைமாறினால் 5 முதல் 10 வருஷம் வரை சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

• மனைவி, அம்மா என்பதற்காகவே 'நீதான் தரணும்' என்று நெருக்காதீர்கள். டாக்டரிடம் தனியாகப் பேசி, 'முடியாது' என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு.

• மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளை அரசுப் பட்டியல்படி பெற, மருத்துவமனை மூலம் பதிவு செய்யுங்கள். 2008-ல் 15 வயது ஹிதேந்திரனின் உறுப்புகளை டாக்டர்களான அவன் பெற்றோர் தானம் தந்த பிறகுதான், தமிழகத்தில் இதற்குப் பெரிய விழிப்பு உண்டானது.

ஏழையின் வயிற்றில் கத்தி படாமல் நோயாளி பிழைக்க இதுவே நல்ல வழி. தானம் தர நீங்கள் விரும்பினால் வீட்டாரிடம் இன்றே சொல்லி வையுங்கள். கடைசியில் டாக்டர்கள் சம்மதம் கேட்கப்போவது அவர்களிடம்தான்!